தொப்பிக்குள் வந்த சமாதானம்

வெள்ளாறு கடலில் கலக்கும்போது அவசரப்படுவதில்லை. இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே சற்றுத் தயங்கி நின்று, உப்புக்காற்றை முகர்ந்து பார்த்து, அதன் பிறகே அலைகளுக்குள் இறங்கும். ஆயிரத்து எழுநூற்று அறுபத்து மூன்றாம் ஆண்டு, ஆனி மாதத்துப் பௌர்ணமி நாளில், மேற்கே சூரியன் முழுவதும் மறையாமலும் கிழக்கே சந்திரன் முழுவதும் எழாமலும் இருந்த அந்திப் பொழுதில், ஆற்றின் ஒரு பாதி செம்பாகவும் மறுபாதி வெள்ளியாகவும் கிடந்தது. அன்புள்ள வாசகர்கள் அந்த அழகில் மயங்கி நின்றுவிட வேண்டாம். ஆற்றின் இரு கரைகளிலும் பீரங்கிகள் இருந்தன.

தென்கரையில் இருந்தது புன்னைக்கோட்டை. பெரிய கோட்டை அன்று. செங்கல் மதில், நான்கு கொத்தளங்கள், உள்ளே முந்நூறு குடும்பங்கள், ஓர் அம்மன் கோயில், வற்றாத ஒரு நன்னீர்க் குளம். சரித்திரம் எழுதியவர்கள் அதைக் குறிக்க மறந்துவிட்டார்கள். மறப்பதற்கு வசதியான அளவில்தான் அது இருந்தது. வடகரையில் ஆங்கிலேயரின் பாசறை. புன்னை மரங்களை வெட்டித் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கூடாரங்கள் அடித்திருந்தார்கள். மரம் வெட்டிய வாசனை இன்னும் காற்றில் வந்துகொண்டிருந்தது.

வடகிழக்குக் கொத்தளத்தின் சுவரருகே ஒரு பெண் நின்றாள். உலகுடைய நாச்சியார் என்பது அவள் பெயர். வயது இருபத்து மூன்று. ஐந்து நாட்களுக்கு முன் அதே இடத்தில் அவளுடைய அண்ணன், புன்னைக்கோட்டைப் பாளையக்காரர் இளையபெருமாள் கோவலராயர், பீரங்கிக் குண்டு பட்டு விழுந்தார். தளத்தைக் கழுவிவிட்டார்கள். செங்கல் இடுக்கிலிருந்த சுண்ணாம்பு மட்டும் இன்னும் சிவந்திருந்தது. நாச்சியார் இதுவரை அழவில்லை. அழுகை வர வேண்டிய வழியைக் கோபம் அடைத்துக்கொண்டு நின்றது.

யார்மேல் கோபம்? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை. ஏழு ஆண்டுகளாக இரண்டு அரசர்கள் சண்டையிட்டார்கள். ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார், மற்றவர் பிரான்சில் இருந்தார். இருவரும் வெள்ளாற்றைக் கண்டதில்லை. அதன் தண்ணீரில் கால் நனைத்ததில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரி வீழ்ந்தபோது, கப்பித்தான் மொரேல் என்ற பிரெஞ்சுக்காரர் பதின்மூன்று வீரர்களோடு வந்து இந்த வாசலில் அடைக்கலம் கேட்டார். அடைக்கலம் என்று வந்தவனைத் திருப்பி அனுப்புவது கோவலராயர் குலத்தில் வழக்கமில்லை. அன்றுமுதல் கோட்டையின் புன்னைப்பூக் கொடிக்கு மேலே, பொன் அல்லி வரைந்த பிரெஞ்சுக் கொடியும் பறந்தது. அந்த ஒரு முழத் துணியைக் காரணம் காட்டித்தான் ஆங்கிலேயத் தளபதி கர்னல் விட்கோம் சித்திரை மாதத்தில் கோட்டையை வளைத்தார்.

கீழே காவலர்களின் கூச்சல் கேட்டது. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு மனிதனை இழுத்து வந்தார்கள். கரிய மேனி, கோவணம், தலையில் பனையோலையால் முடைந்து மெழுகு பூசிய கூம்புத் தொப்பி.

"நாச்சியாரம்மா! என்னைக் குத்திப் போடணும்னா குத்திப் போடச் சொல்லுங்க. ஆனா அதுக்கு முந்தி இந்தத் தொப்பியைக் கவுக்க விடுங்க. கடன் தீர்ந்தாப் போதும்."

"யார் நீ?"

"கட்டுமரக்காரன் கன்னியப்பன். ஆத்து முகத்துக் குப்பம். உங்க கோட்டையில இருக்கிற பரங்கித் துரையைக் கூப்பிடுங்க. தொப்பி அவருக்குத்தான்."

அந்தக் கடற்கரையில் கப்பல்கள் கரைக்கு வர இயலாது. அலைகள் அப்படி. கப்பல் ஆழத்தில் நங்கூரமிட்டதும் முதலில் அதனிடம் செல்பவர் கட்டுமரக்காரர். கடிதங்களைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு, மூன்று வரிசை அலைகளையும் தாண்டி, தாம் நனைந்தாலும் தாள் நனையாமல் கரை சேர்ப்பார். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொப்பியில் ஏறிய கடிதம் உரியவர் கையில்தான் இறங்க வேண்டும். வழியில் பறிபோய்விட்டால், பறிகொடுத்தவன் உரியவர் முன் வந்து வெறும் தொப்பியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். காட்டாதவனோடு அந்தக் குப்பத்தில் எவரும் ஒரு வலையின் மறுமுனையைப் பிடிக்கமாட்டார்.

மொரேல் வந்தார். பத்தாண்டுகளாக இந்த நாட்டிலிருந்ததால் தமிழ் பேசுவார். கன்னியப்பன் தொப்பியைக் கழற்றி அவர் காலடியில் கவிழ்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. சிறிது கடல்நீர் மட்டும் வழிந்தது.

"துரை, உங்க பேருக்கு ஒரு கடுதாசி வந்திச்சு. நீல அரக்கு முத்திரை. கர்னல் துரை பேருக்கு ஒண்ணு, சிவப்பு முத்திரை. ரெண்டையும் ஒரே கப்பல்தான் குடுத்திச்சு. கரையில இறங்கினதும் ரெண்டையும் பிடுங்கிக்கிட்டானுங்க. நான் வாய் திறக்கக்கூடாதுன்னு காலைத் தொழுமரத்துல மாட்டி வெச்சானுங்க. இன்னிக்கு அவிழ்த்து விட்டாங்க. ஏன்னு கேளுங்க? பெரிய பீரங்கி ரெண்டு வந்திருக்கு. எங்களைக் கட்டிப்போட்டா அதை அலையில யாரு இறக்குறது?"

"கடிதம் எப்போது வந்தது?" என்று கேட்டாள் நாச்சியார்.

"போன அமாவாசை கழிஞ்ச மறுநாள் அம்மா."

அவள் மனம் கணக்கிட்டது. பதினான்கு நாட்கள். அண்ணன் இறந்து ஐந்து. அப்படியானால் ஒன்பது நாட்களுக்கு முன்பே.

"அதில் என்ன எழுதியிருந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"எழுத்து தெரியாதும்மா. கப்பல் தெரியும். சண்டைக் காலத்துல பீரங்கி வாயெல்லாம் தொறந்து வெச்சிருப்பானுங்க. இதுல எல்லாம் மூடியிருந்திச்சு. தளத்துல ஏறினேன். பிரெஞ்சுக்காரனும் இங்கிலீசுக்காரனும் ஒரே பீப்பாயில குடிச்சிட்டு ஒருத்தன் தோள்ல ஒருத்தன் கை போட்டு ஆடுறான். ஏழு வருசமா நான் அப்படிப் பார்த்ததில்ல. சண்டை முடிஞ்சு போச்சு அம்மா. எப்பவோ முடிஞ்சு போச்சு."

நாச்சியார் குனிந்து சுவரின் இடுக்கிலிருந்த சிவந்த சுண்ணாம்பை விரலால் நிமிண்டி எடுத்தாள். முடிந்துபோன சண்டையில் அண்ணன் செத்தார். அது முடிந்துவிட்டது என்று எதிரே இருப்பவனுக்குத் தெரிந்திருந்தும் செத்தார்.

இப்போது அவள் கோபத்துக்கு ஆள் கிடைத்துவிட்டது.

"கப்பித்தான், கொடியிறக்கிப் பறை அடியுங்கள். சமாதானம் என்று சொல்லுங்கள்."

மொரேல் தலையசைத்தார். "ஒரு மீனவனின் சொல்லை வைத்துக்கொண்டா? கர்னல் இல்லை என்பார். தாள் வேண்டும் நாச்சியார். முத்திரையோடு தாள் இருந்தால், அவருடைய சொந்த அதிகாரிகள் முன்னால் நான் அதை வாசிப்பேன். பிறகு அவர் ஒரு குண்டும் சுட முடியாது. தாள் இல்லாவிட்டால் நாளை உச்சிப்பொழுதில் அந்தப் பெரிய பீரங்கிகள் பேசும். இந்த மதில் ஒரு மணி நேரம் தாங்காது."

முந்நூறு குடும்பங்கள். நாளை உச்சிப்பொழுது.

"தாள் யாரிடம் இருக்கிறது?" என்றாள் கன்னியப்பனிடம்.

"ரெண்டையும் வாங்கிக்கிட்டது கர்னல் துரைக்குப் பேச்சை மாத்திச் சொல்ற அந்தத் துபாஷிதாம்மா. தில்லைவிடங்கன்னு பேரு."

வாசகர்களே, அந்தப் பெயரைக் கேட்டதும் நாச்சியாரின் முகம் நிலவொளியிலும் கறுத்தது. காரணம் உண்டு. தில்லைவிடங்கன் புன்னைக்கோட்டை அரண்மனை எழுத்தரின் மகன். அண்ணனோடு ஒரே ஆசானிடம் சிலம்பம் கற்றவன். பிரெஞ்சு மொழி படிக்கப் புதுச்சேரிக்குப் போகும் முன், அவளுக்கு ஓர் ஓலை எழுதினான். அதற்கு அவள் பதில் எழுதவில்லை. அதை எரிக்கவும் இல்லை. புதுச்சேரி வீழ்ந்ததும் அவன் வென்றவர்களிடம் வேலைக்குச் சேர்ந்தான் என்ற செய்தி வந்தது. அன்றும் ஓலையை எரிக்க எடுத்தாள். அன்றும் எரிக்கவில்லை.

"கன்னியப்பா, பாசறைக்குள் கருவாடு விற்க உங்கள் பெண்கள் போவார்களா?"

"அந்திக்கு அந்தி போவாங்க."

"உன் மனைவியின் சேலை ஒன்று வேண்டும். கூடையும் வேண்டும்."

"நாச்சியாரம்மா, அதோட நாத்தம்..."

"இந்தப் போரைவிடவா நாறும்?" என்றாள் அவள்.

---

பாசறையின் வாயிலில் நின்ற சிப்பாய் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "என்ன கன்னியப்பா, புதுப் பொண்டாட்டியா? மூஞ்சியையே காட்ட மாட்டேங்குது?"

"பழசுதாங்க. கோவத்துல இருக்கு. கிட்டப் போகாதீங்க. நானே தள்ளித்தான் நிக்கிறேன்."

சொன்னதில் கோபம் மட்டும்தான் மெய். சிப்பாய் ஒரு கை நெத்திலியை அள்ளிக்கொண்டு வழிவிட்டான்.

தலையில் சும்மாடு, அதன்மேல் கருவாட்டுக் கூடை, முழங்காலுக்கு ஏற்றிக் கட்டிய சேலை. நடையைக் கூடக் கன்னியப்பனின் மனைவி ஆற்றங்கரையில் சொல்லிக் கொடுத்திருந்தாள். வழியில் எவருக்கும் ஐயம் எழவில்லை. துபாஷியின் கூடாரம் கர்னலின் கூடாரத்துக்குப் பின்னால் தனித்திருந்தது. கன்னியப்பன் அப்பால் நின்றுகொள்ள, நாச்சியார் அதன் வாசலுக்கு வந்தாள். அங்கே, அரண்மனையில் பிறந்த ஒருத்தி மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தாள்.

கருவாட்டுக்காரி என்றால் திரையை ஒதுக்கித் தலையை நீட்டி, "கருவாடேய்!" என்று ஒரு குரல் கொடுத்திருப்பாள். உலகுடைய நாச்சியார் திரையின் முன் நின்றாள். யாராவது அதை விலக்குவார்கள் என்று காத்திருந்தாள். பிறந்தது முதல் அவள் ஒரு திரையையும் தன் கையால் விலக்கியதில்லை. அது தன்னுடைய வழக்கம் என்பதே அவளுக்குத் தெரியாது.

அவளுக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்த நிலவு, கூடைக்காரியின் நிழலைத் திரையில் வரைந்தது. உள்ளே எழுதிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அசையாமல் காத்து நிற்கும் அந்த நிழலைப் பார்த்தான். எழுதுகோல் கையிலிருந்து விழுந்தது. புன்னைக்கோட்டை அரண்மனையில், தாதிகள் இல்லாத நேரங்களில், அந்த நிழலுக்குத் திரை விலக்கியவன் அவனே.

விலக்கினான்.

"நாச்சியாரே..."

"கருவாடு வேண்டுமா, துபாஷி அவர்களே? புன்னைக்கோட்டையிலிருந்து வந்தது. உப்பு எங்களுடையது. தின்ற உப்பின் ருசி உமக்கு நினைவிருக்கும்."

விடங்கன் திரையை இறக்கிவிட்டுக் கை கூப்பினான். முன்னைவிட மெலிந்திருந்தான். தலையில் துபாஷிகளின் பெரிய வெள்ளைத் தலைப்பாகை. "தாங்கள் இங்கே வந்திருக்கக் கூடாது. கர்னல் அறிந்தால்..."

"கடிதம் எங்கே?"

எந்தக் கடிதம் என்று அவன் கேட்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றி, அதன் உள்மடிப்பிலிருந்து நீல அரக்கு ஒட்டிய தாளை எடுத்தான்.

"படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். எரிக்கச் சொன்னார். வேறொரு தாளை எரித்தேன்."

"எப்போது?"

"வந்த அன்றே."

"அன்று என் அண்ணன் உயிரோடிருந்தார்."

"இருந்தார்."

"இந்த ஆற்றைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

அவன் கையிலிருந்த தலைப்பாகையைப் பார்த்தான்.

"கேட்கிறேன் அல்லவா! நான் இப்போதுதான் கடந்து வந்தேன். சோறு வேகும் நேரம்கூட ஆகவில்லை. உமக்கு ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளும் பீரங்கி சுட்டது. ஒவ்வொரு முறை அது சுட்டபோதும் உம்முடைய தலைப்பாகைக்குள் அண்ணனின் உயிர் இருந்தது. தலை கனக்கவில்லையா, விடங்கரே?"

"கனத்தது."

"பிறகு ஏன்?"

அவன் பல காரணங்களைத் தேடியிருக்க வேண்டும். நல்ல மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சொல்லுக்குப் பத்துச் சொல் தெரியும். கடைசியில் ஒன்றைத்தான் சொன்னான்.

"பயந்தேன்."

கர்னல் ஏன் மறைத்தார் என்பதையும் சொன்னான். சமாதானம் அறிவிக்கப்பட்ட பிறகு கோட்டையைப் பிடித்தால் அது கொள்ளை; அதற்கு முன் பிடித்தால் வெற்றி. விட்கோமுக்கு ஊர் திரும்பும் முன் ஒரு வெற்றி வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

நாச்சியார் தாளைக் கருவாட்டுக்கு அடியில் வைத்துக் கூடையை எடுத்தாள். அவன் விரைந்து சென்று அவளுக்காகத் திரையை உயர்த்தினான்.

"விடும்," என்றாள். அவன் விட்டான். திரை விழுந்தது. அவள் வெறுமனே ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு தன் கையால் ஒதுக்கிக்கொண்டு வெளியேறினாள். அத்தனை ஆண்டுகளாக அது அவ்வளவு இலேசான துணியாகவே இருந்திருக்கிறது.

---

மறுநாள் காலை, பெரிய பீரங்கிகளைச் சகடத்தில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, புன்னைக்கோட்டை மதிலில் பறை முழங்கியது. மொரேல் துரை தமது பழைய நீல அங்கியை அணிந்து, நீல முத்திரைத் தாளைக் கையில் உயர்த்தி, இரு கரைக்கும் கேட்கும்படி வாசித்தார். ஆங்கிலேய அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் எவருக்கும் செய்தி தெரியாது என்பது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. கர்னல் விட்கோம் தொப்பியைக் கழற்றி வணங்கினார். பீரங்கிகள் சகடத்திலேயே நின்றுவிட்டன.

கோட்டைக்குள் மக்கள் அழுதார்கள், சிரித்தார்கள், அம்மன் கோயில் மணியை ஓயாமல் அடித்தார்கள். நாச்சியார் கொத்தளத்தில் மொரேலின் பக்கத்தில் அமர்ந்தாள். "இப்போது எனக்குத் தமிழில் சொல்லுங்கள். ஒரு வரி விடாமல் சொல்லுங்கள்." அவர் சொல்லச் சொல்ல ஓலையில் எழுதிக்கொண்டாள்.

பெரிய கடிதம்தான். கனடா என்ற பனி நாட்டைப் பிரெஞ்சு அரசர் ஆங்கில அரசருக்குக் கொடுத்தார். கரும்பு விளையும் சில தீவுகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவானா என்ற நகரத்தைத் திரும்பப் பெற்று, புளோரிடா என்ற நாட்டை விட்டுக்கொடுத்தார் இசுப்பானிய அரசர். ஆப்பிரிக்கக் கரையில் ஓர் ஆறு கைமாறியது. அவள் எழுதிக்கொண்டே போனாள். உலகம் இவ்வளவு பெரியது என்று அவளுக்குத் தெரியாது. அது இவ்வளவு எளிதாகக் கைமாறும் என்றும் தெரியாது.

"எங்கள் பக்கம்?"

"இதோ. புதுச்சேரியும் காரைக்காலும் எங்களுக்குத் திரும்பும். ஆர்க்காட்டு நவாபாக இன்னாரை இரு அரசர்களும் ஏற்கிறார்கள்."

"இன்னாரை நவாபாக ஏற்க அவர்கள் யார்?"

மொரேல் தோளைக் குலுக்கினார்.

"சரி. புன்னைக்கோட்டை?"

"அது... இதில் இல்லை."

"நன்றாகப் பாருங்கள்."

"நாச்சியார், உங்களுடைய கோட்டை மட்டுமன்று. ஒரு பாளையத்தின் பெயரும் இதில் இல்லை." அவர் குரல் தணிந்தது. "இது நவாபின் நாட்டுக்குள் இருக்கும் கோட்டை. நவாபின் நண்பர்கள் ஆங்கிலேயர். கர்னலோடு பேசிவிட்டேன். நானும் என் வீரர்களும் ஆயுதங்களோடும் மரியாதையோடும் புதுச்சேரி போகலாம். உச்சிப்பொழுதில் அவர் கோட்டையை ஏற்றுக்கொள்வார். மதிலை இடிக்க வேண்டும் என்கிறார். மக்களுக்கு ஒரு தீங்கும் இல்லை, வாக்குக் கொடுத்திருக்கிறார்."

"யாருடைய கோட்டையை யார் கொடுக்கிறீர்கள்?"

கெட்ட மனிதர் அல்லர் மொரேல். ஆறு நாட்களுக்கு முன் இளையபெருமாளின் தலையை மடியில் ஏந்தி அழுதவர் அவர்தான். ஆனால் அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்கு வீடு என்று ஒன்று அந்தக் கடிதத்தில் இருந்தது.

"கடிதத்தைக் கொடுங்கள்," என்றாள். "உங்களுக்கு அதனால் இனி வேலையில்லை." அவர் எழுந்து, அரசியிடம் கொடுப்பது போலத் தலை வணங்கிக் கொடுத்தார்.

உச்சிப்பொழுதில் வாசல் திறந்தது. மொரேலின் பதின்மூன்று பேரும் கொட்டு முழங்க வெளியேறினார்கள். மேலே பறந்த அல்லிக் கொடி இறங்கியது. கர்னல் விட்கோம், ஆறு அதிகாரிகள், ஐம்பது சிப்பாய்கள் உள்ளே வந்தார்கள். கர்னலின் வலப்பக்கத்தில், எப்போதும் போல அரை அடி பின்னால், வெள்ளைத் தலைப்பாகையோடு தில்லைவிடங்கன்.

வழியின் நடுவே நாச்சியார் நின்றாள். ஒரு கையில் கடிதம், மறு கையில் சிவந்த சுண்ணாம்புத் துண்டு.

"துபாஷி அவர்களே, உம்முடைய துரைக்குச் சொல்லும். இந்தக் கடிதம் பதினைந்து நாட்களுக்கு முன் அவர் கைக்கு வந்தது. சண்டை முடிந்தது என்று தெரிந்தே சுட்டார். என் அண்ணனைக் கொன்றது போர் அன்று, இவர். இதை ஒரு சொல் குறையாமல் சொல்லும். மென்மையாக்காதீர்."

அவள் பேச்சை ஆங்கிலத்தில் ஆக்கினால், கடிதத்தை எரிக்காமல் வைத்திருந்தவன் யார் என்பதும் கூடவே வெளிவரும். விடங்கன் அரை அடி முன்னால் வந்து, கர்னலுக்கு நேராக நின்று, உரத்த குரலில் சொன்னான். அவள் ஒரு சொல்லும் அறியாள். ஆனால் அதிகாரிகளின் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுவதைக் கண்டாள். நரைத்த ஒருவர் கர்னலை நோக்கித் திரும்பி ஏதோ கேட்டார். கர்னலின் கழுத்து சிவந்தது.

கர்னல் அவளை நோக்கிக் கையை நீட்டினார். குரலில் இடி. கடிதத்தைச் சுட்டினார், அவளைச் சுட்டினார், பாசறையைச் சுட்டினார். கடிதத்தைப் பிடுங்கு, இவளைக் கட்டி இழுத்துப் போ என்பதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தேவையில்லை.

ஆனால் சிப்பாய்கள் தெற்கத்தி ஆட்கள். கவாத்துக் கட்டளைகளைத் தவிர ஆங்கிலம் அறியாதவர்கள். இரண்டு ஆண்டுகளாகக் கர்னலின் வாய் எது என்று கேட்டால் தில்லைவிடங்கனைத்தான் காட்டுவார்கள். அவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவர்களோடு பேசக் கர்னலுக்கும் வேறு வாய் இல்லை.

தன் வாழ்நாளில் ஒருமுறையும் பிழையாக மொழிபெயர்க்காத தில்லைவிடங்கன் அப்போது பேசினான்.

"துரை உத்தரவு! புன்னைக்கோட்டை நாச்சியார் தம் உடைமையோடு போகிறார். இருபுறமும் அணிவகுத்து, ஆயுதம் தாழ்த்தி, ஆற்றுத்துறை வரை மரியாதையோடு கொண்டுபோய் விடுங்கள். கையைத் தொட்டவனுக்குக் கசையடி!"

சிப்பாய்கள் இருபுறமும் திரண்டார்கள். கர்னல் திருப்தியோடு தலையசைத்தார். சிறைபிடிப்பதும் மரியாதை செய்வதும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்று போலத்தான் இருக்கும்.

நாச்சியாருக்குப் புரிந்தது. அவள் விடங்கனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. நேராக எங்கோ பார்த்தபடி நின்றான். கண்ணிமைப் பொழுதுதான். பிறகு அவள் சுண்ணாம்புத் துண்டை உயர்த்தி, கூடியிருந்த மக்களை நோக்கி உரக்கச் சொன்னாள்:

"என் அண்ணனின் இரத்தம் ஊறிய சுண்ணாம்பின்மேல் ஆணை! இந்தக் கடிதத்தில் பெயர் இல்லாத ஒவ்வொரு பாளையத்தின் வாசலிலும் நின்று இதை வாசிப்பேன். அந்தக் கொடியும் நமக்கு வேண்டாம், இந்தக் கொடியும் நமக்கு வேண்டாம் என்று அவர்கள் சொல்லும் வரை, ஒரு கூரையின்கீழ் இரண்டாம் இரவு உறங்கமாட்டேன். மதிலை இடிக்கட்டும். மதிலைக் கட்டிய கைகள் இங்கேதான் இருக்கின்றன!"

கர்னல் துபாஷியிடம் குனிந்து என்னவோ கேட்டார். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்க வேண்டும். துபாஷி ஆங்கிலத்தில் பணிவாக ஒரு விடை சொன்னான். அந்த விடையை மட்டும் வாசகர்களுக்காக நான் விசாரித்து வைத்திருக்கிறேன்: "சமாதானத்துக்காகக் கடவுளை வேண்டுகிறாள், ஐயா."

ஆற்றுத்துறையில் கட்டுமரம் காத்திருந்தது. சிப்பாய்கள் ஆயுதம் தாழ்த்தி நின்றார்கள். நேற்றுக் கருவாடு அள்ளியவன், அந்த முகத்தை எங்கே பார்த்தோம் என்று விழித்துக்கொண்டிருந்தான். கன்னியப்பன் துடுப்பை ஊன்றித் தள்ளினான். வெள்ளாறு இரண்டு மணல்மேடுகளுக்கு நடுவே தயங்கும் இடத்துக்கு அவர்கள் வந்தபோது, கோட்டையிலிருந்து கூச்சல் எழுந்தது. வெறுங்கையோடு திரும்பிய சிப்பாய்களைக் கர்னல் கண்டுவிட்டார்.

நாச்சியார் திரும்பிப் பார்த்தாள். வடகிழக்குக் கொத்தளத்தில் வெள்ளையாக ஓர் உருவம் ஏறியது. பின்னால் துப்பாக்கிகள் ஓடிவந்தன. அந்த உருவம் சுவரருகே, அவள் அண்ணன் விழுந்த இடத்தில் நின்று, தலைப்பாகையைக் கழற்றியது. ஆற்றை நோக்கி அதைக் கவிழ்த்துக் காட்டியது. உள்ளே ஒன்றுமில்லை. பிறகு கைகள் அவனைப் பற்றி இழுத்தன.

"தொப்பிக் கட்டுப்பாடு!" என்று வியந்தான் கன்னியப்பன். "அது எங்க வழக்கம் ஆச்சே! அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?"

"இந்த ஆற்றங்கரையில் வளர்ந்தவர்," என்றாள் நாச்சியார்.

அவள் அவனை மன்னிக்கவில்லை. ஒன்பது நாள் ஒன்பது நாள்தான். ஆனால் அந்த உருவம் மறையும் வரை கண்ணை எடுக்கவில்லை. அண்ணன் விழுந்த நாளிலிருந்து வராத கண்ணீர், அவளைக் கேட்காமலே வந்தது. கடற்காற்று அதை உடனுக்குடன் உலர்த்தியது.

முதல் அலை எதிரே எழுந்தது. கன்னியப்பன் கடிதத்தையும் ஓலையையும் வாங்கித் தொப்பிக்குள் செருகி, தலையில் அழுத்திக்கொண்டான்.

"சட்டம் தெரியும்ல அம்மா. தொப்பியில ஏறினது உரியவங்க கையிலதான் இறங்கணும். சொல்லுங்க, இது யார் பேருக்கு?"

"இதில் பெயர் இல்லாதவர்கள் எல்லோருக்கும்," என்றாள் அவள். "தெற்கே தள்ளு."